தோட்டாக் கணக்கு

குளுவாங் டவுனுக்கு ஏழு மைல் மேற்கே
தோட்டத்து ஆபீசில் என் பொறுப்பில் மூன்று பதிவேடுகள்:
பால் எடை,
பிள்ளைப்பேறு,
பச்சை அட்டை போட்ட தோட்டாக் கணக்கு.

துப்பாக்கி ஒன்றே ஒன்று.
முந்நூற்று எழுபத்தைந்து மேக்னம்.
வெள்ளைக்காரன் விட்டுப்போனவற்றில்
இன்னும் துருப்பிடிக்காதது அதுதான்.
சுடுவது சவரிநாதன்.
மாதச் சம்பளம் லாரி ஓட்டுவதற்கு.

தோட்டா என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
அடியில் பித்தளைப் பட்டி,
வேட்டிமேல் கட்டிய பெல்ட் மாதிரி.
மூக்கு மெத்தென்று ஈயமாய் இருந்தால்
பன்றிக்கு, மானுக்கு.
முழுக்கக் கவசம் என்றால் யானைக்கு.
ஒருநாள் இரண்டையும் கலந்து கொடுத்துவிட்டு
லாரி ஷெட்டுக்கு ஓடினேன், செருப்பில்லாமல்.

"மூச்சு வாங்குங்க கிராணியம்மா.
எடைதான் வேற வேற.
நூறு கெஜத்துல எல்லாம்
ஒரே எடத்துல போய் உக்காரும்.
அதான் இந்தச் சனியன்மேல எனக்கு மரியாதை."
லாரிக்கடியில் பாதி நுழைந்தவர் திரும்பி வந்தார்.
"ஆனா யானைக்குப் போறப்ப
மெத்துமூக்கக் குடுத்துறாதீங்க."

மேனேஜர் இத்ரிஸ் துவானுக்கு அது பெருமை.
கோப்பிக்கடையில் மேசையைத் தட்டிச் சொல்வார்,
கஞ்சில் முதல் காஜா வரை
ஒரே துப்பாக்கி போதுமென்று.
கஞ்சிலைச் சுட்டால்
குளம்பு நான்கும் மிஞ்சலாம் என்பார்
சவரிநாதன், தமிழில்,
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

பதிவேட்டில் கட்டம் நான்கு:
தேதி, எத்தனை, எதற்கு, வெறுங்கூடு.
கூட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான்
போலீஸ் ஸ்டேஷனில் புதுசு.

மார்ச் மூன்று. ஒன்று. பன்றி.
ஆறாம் நம்பர் செம்பனைக் கன்றுக்காடு. கூடு உண்டு.
(அன்று இரவு லயத்தில்
மிளகு இடிக்காத வீடு இரண்டோ மூன்றோ.)

மார்ச் பத்தொன்பது. இரண்டு. யானை.
வானத்தைப் பார்த்து.
யானையும் வானத்தைப் பார்த்தது;
மறுபடி குருத்தைப் பிடுங்கியது.

மார்ச் இருபது. ஒன்று. அதே யானை.
கூட்டை மேசைமேல் வைத்தவர்
கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.
நான்கு நாள் லாரியை
மண்டோர் மகன் ஓட்டினான்.

ஜூன் ஏழு. ஒன்று.
புலி என்று எழுதச் சொன்னார்கள்.
புலியை யாரும் பார்க்கவில்லை.
நிரை இருபத்திரண்டில்
முதுகு உடைந்து கிடந்தது
மீனாம்பாளின் செவலைப் பசு.
தோட்டா அதற்கு.
புலி என்றே எழுதினேன்;
புலிக்குத்தான் நஷ்டஈடு வரும்.

ஆகஸ்ட் பதினொன்று.
இந்த வரியில் மட்டும் மை கொஞ்சம் பரவியிருக்கும்.

பால் கொட்டகைத் தராசுக்கடியில்
தூங்கிக்கொண்டே வளர்ந்தவன் சார்ஜன்.
எடை போடும்போது வாலை எடுக்கமாட்டான்;
அரை ராத்தல் அவன் கணக்கில் என்று
பால்காரிகள் சிரிப்பார்கள்.
அன்று காலை வாயில் நுரை.
பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு
பிள்ளைகள் வரிசையில்.
டவுனிலிருந்து ஆள் வர ஒரு மணி நேரம்.

சவரிநாதன் என்னிடம் கைநீட்டினார்.
"நாய்க்கு இது ரொம்ப ஜாஸ்தி."
அலமாரிச் சாவி
என் முந்தானையில்தான் இருந்தது.
"சின்னது வேற இல்லியா?"
இல்லை என்பது
அவருக்கும் தெரியும்.

மெத்துமூக்கை எடுத்துக் கொடுத்தேன்.
சத்தம் மலைவரை போய்த் திரும்பி வந்தது.
பிள்ளைகள் காதைப் பொத்தியபடியே
பஸ்ஸில் ஏறினார்கள்.

வருஷ முடிவில் இன்ஸ்பெக்டர் வந்தார்.
பன்றி, யானை, புலி, நாய்.
விரலை ஓட்டிக்கொண்டே வந்து
கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.
"ஒரு கூடு குறைகிறதே?"

சேற்றில் விழுந்துவிட்டது துவான் என்றேன்.
எழுதியிருந்ததும் அப்படித்தான்.

அவர் முழங்கைக்குப் பக்கத்தில்,
மேசைமேல்,
பித்தளைக் கூட்டில் நின்றது
என் சிவப்பு நீலப் பென்சில்.
அளவெடுத்துச் செய்தது போல.